பட்டியலா, தனி மனிதரா? 1920-இல் அமெரிக்க அரசுக்குள் மோதிய இரண்டு வழிகள்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவைப் பற்றிக்கொண்ட கம்யூனிச பீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசை ஒரு பக்கத்திலும் இடதுசாரிகளை மறுபக்கத்திலும் நிறுத்தியே அந்த வரலாற்றைச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது ஒரு முக்கியமான உண்மை விடுபட்டுப்போகிறது. 1920-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், ஒரே அதிபரின் கீழ், ஒரே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாஷிங்டனில் இரண்டு அமைச்சகங்கள் நேரெதிரான வழிகளில் அந்த அச்சத்தை எதிர்கொண்டன. அட்டர்னி ஜெனரல் மிட்செல் பால்மரின் நீதி அமைச்சகம், அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இரவில் வளைத்துப் பிடித்தது. தொழிலாளர் அமைச்சகத்தில் துணை அமைச்சராக இருந்த லூயிஸ் போஸ்ட், அப்படிப் பிடிபட்டவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, இந்த மனிதர் என்ன செய்தார், எதைத் தெரிந்து செய்தார் என்று கேட்டார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நீதியின் கணக்கிலும் நாட்டின் பாதுகாப்புக் கணக்கிலும் போஸ்டின் வழியே மேலானது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த வழிக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. பால்மரின் வழிக்கு, அது தோற்ற பின்னும் அழியாத ஒரு பலம் இருந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒப்பீடு அரைகுறையாகவே நிற்கும்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது

பால்மருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் 1919-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரின் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்கு ஆதரவாக சுமார் 65,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் அமைதியாகவே முடிந்துபோன அந்தப் பொது வேலைநிறுத்தத்தை, தான் முறியடித்த புரட்சி என்று மேயர் ஓலே ஹான்சன் ஊர் ஊராகச் சென்று பேசினார். ஏப்ரல் இறுதியில், மே தினத்தையொட்டிப் போய்ச் சேரும்படி, அமைச்சர்கள், நீதிபதிகள், பெருமுதலாளிகள் எனப் பலரின் பெயருக்கு 36 வெடிகுண்டுப் பொட்டலங்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. ஜார்ஜியாவின் முன்னாள் செனட்டர் தாமஸ் ஹார்ட்விக்கின் வீட்டில் அப்படி வந்த பொட்டலத்தைப் பிரித்த பணிப்பெண் தன் இரு கைகளையும் இழந்தார். அந்தச் செய்தியைப் படித்த நியூயார்க் அஞ்சல் எழுத்தர் ஒருவர், தபால்தலை போதவில்லை என்று தான் ஒதுக்கி வைத்திருந்த பொட்டலங்களும் அதே தோற்றத்தில் இருந்ததை நினைவுகூர்ந்து சொன்னதால் மேலும் 16 குண்டுகள் வெடிக்காமல் பிடிபட்டன.

ஜூன் 2-ஆம் தேதி இரவு எட்டு நகரங்களில் குண்டுகள் வெடித்தன. வாஷிங்டனின் ஆர் தெருவில் இருந்த பால்மரின் வீட்டு முகப்பு நொறுங்கியது. குண்டை வைக்க வந்தவன் அங்கேயே சிதறிப்போனான். எதிர்வீட்டில் அப்போது குடியிருந்தவர், பின்னாளில் அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். தெருவெங்கும் கிடந்த இளஞ்சிவப்புத் துண்டறிக்கைகளில் அராஜகப் போராளிகள் என்ற கையொப்பம் இருந்தது. தன் குடும்பம் உறங்கும் வீட்டின் வாசலில் இதைக் கண்ட ஒரு மனிதரின் மனநிலையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதுவரை பால்மர் கண்மூடித்தனமானவராகவும் இருக்கவில்லை. மார்ச்சில் பதவியேற்றபோது, போர்க்காலத்தில் அக்கம்பக்கத்தாரை வேவு பார்த்துவந்த தனியார் அமைப்பு குவித்து வைத்திருந்த தகவல்களை ஏற்க மறுத்தவர் அவர்.

அதன் பிறகு இனக்கலவரங்கள், பாஸ்டன் போலீசாரின் வேலைநிறுத்தம், சுமார் 3.5 லட்சம் பேர் பங்கேற்ற எஃகு ஆலை வேலைநிறுத்தம், நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் என்று அந்த ஆண்டு முழுவதும் கொந்தளிப்பு தொடர்ந்தது. போர்க்கால விலைவாசியும் ஏறாத கூலியும் இவற்றில் பலவற்றுக்குப் போதுமான காரணங்கள். ஆனால் ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், செப்டம்பரில் சிகாகோவில் ஒன்றுக்கு இரண்டாகக் கம்யூனிஸ்ட் கட்சிகளும் தொடங்கப்பட்டதால், பத்திரிகைகள் எல்லாவற்றையும் மாஸ்கோவோடு முடிச்சுப்போட்டன. நீங்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அக்டோபரில் செனட் சபை தீர்மானம் போட்டுப் பால்மரைக் கேட்டது.

இருவர் கையிலும் இருந்த சட்டம்

குடிமக்களைப் பொறுத்தவரை பால்மரின் கை கட்டப்பட்டிருந்தது. புரட்சிகரக் கருத்தைப் பேசியதற்காக அமைதிக் காலத்தில் ஒரு குடிமகனைத் தண்டிக்கத் தக்க மத்தியச் சட்டத்தை அவர் கேட்டும் நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றவில்லை. அயல்நாட்டவர் விஷயம் வேறு. 1918 அக்டோபரில் நிறைவேறிய குடிவரவுச் சட்டத்தின்படி, அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்க வேண்டும் என்று போதிக்கும் அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே போதும், அயல்நாட்டவரை நாடு கடத்தலாம். நாடு கடத்தல் தண்டனை ஆகாது என்று 1893-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இதற்கு ஜூரி தேவையில்லை, குற்றவியல் விசாரணை தேவையில்லை. குடிவரவு அதிகாரி ஒருவர் விசாரித்து அறிக்கை அனுப்பினால் அமைச்சர் கையெழுத்திடலாம்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பதில்தான் வரப்போகும் மோதலின் வித்து இருந்தது. குடிவரவுப் பணியகம் அன்று தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. பிடியாணை பிறப்பிப்பதும் ரத்து செய்வதும் அந்த அமைச்சரின் அதிகாரம். ஆட்களையும் உளவையும் பணத்தையும் வைத்திருந்த நீதி அமைச்சகத்துக்கு நாடு கடத்தும் அதிகாரம் இல்லை. தொழிலாளர் அமைச்சராக இருந்த வில்லியம் வில்சன், ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, தொழிற்சங்கத்தின் வழியாக மேலே வந்தவர்.

பால்மரின் வழி

1919 ஆகஸ்டில் நீதி அமைச்சகத்தில் தீவிர இடதுசாரிகளைக் கண்காணிக்க ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டு, அதன் பொறுப்பு 24 வயது ஜே. எட்கர் ஹூவரிடம் கொடுக்கப்பட்டது. முன்பு காங்கிரஸ் நூலகத்தில் வேலை பார்த்த ஹூவர், நூல்களுக்கு அட்டை எழுதும் அதே முறையில் மனிதர்களுக்கும் அமைப்புகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அட்டை எழுதச் செய்தார். குறுகிய காலத்தில் அந்த அட்டைகள் லட்சத்தைத் தாண்டின. ஒரு பெயரைச் சொன்னால் அவர் எந்த ஊர், எந்தச் சங்கம், எந்தக் கூட்டத்தில் பேசினார் என்று சில நிமிடங்களில் எடுத்துக் காட்ட முடிந்தது. பால்மரின் வழியின் அடித்தளமே இந்த அட்டைத் தொகுப்புதான். ஒருவர் ஓர் அட்டையில் ஒரு கட்சியின் பெயரோடு சேர்ந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவருடைய கதை முடிந்தது.

நவம்பர் 7-ஆம் தேதி, போல்ஷெவிக் புரட்சியின் இரண்டாம் ஆண்டு நாளில், ரஷ்யத் தொழிலாளர் சங்கத்தின் மீது முதல் பெரும் சோதனை நடந்தது. நியூயார்க்கில் அந்தச் சங்கம் இயங்கிய கட்டடத்தில் மாலை நேர வகுப்புகளுக்கு வந்திருந்தவர்களும் அடிபட்டு, தலையில் ரத்தக் கட்டுகளோடு வெளியே கொண்டுவரப்பட்டார்கள். டிசம்பர் 21-ஆம் தேதி அதிகாலையில் எந்த அரசும் கூடாது என்ற அராஜகவாதிகளான எம்மா கோல்ட்மன், அலெக்சாண்டர் பெர்க்மன் உட்பட 249 பேரை ஏற்றிக்கொண்டு புஃபோர்டு என்ற பழைய ராணுவக் கப்பல் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டது. நாடு கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் ஜனவரி 2-ஐ அத்தனை பெரியதாக்கியது என்று நினைக்கிறேன். அன்றிரவு 33 நகரங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. சுமார் 3,000 பிடியாணைகளே கையில் இருந்தன. பிடிபட்டவர்களோ மிகக் குறைவான மதிப்பீட்டின்படி பார்த்தாலும் 4,000-க்கு மேல். வீடுகளிலும் கூடங்களிலும் சோதனை ஆணை இல்லாமலேயே புகுந்தார்கள். கட்சிக்குள் இருக்கும் உளவாளிகளைக் கொண்டு, முடிந்தால் அந்த இரவிலேயே கூட்டங்கள் நடக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள் என்று நீதி அமைச்சகத்தின் புலனாய்வுப் பணியகம் முன்கூட்டியே தன் அலுவலகங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருந்தது. மாசசூசெட்ஸின் லின் நகரில் கூட்டுறவு பேக்கரி ஒன்று தொடங்குவது பற்றிப் பேசக் கூடியிருந்த 39 பேரும் அன்று கைதானார்கள்.

டெட்ராய்ட் நகரில் நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஏறக்குறைய 800 பேர் மத்திய அரசுக் கட்டடத்தின் மேல்மாடியில், சன்னல் இல்லாத ஒரு நடைக்கூடத்தில் அடைக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிப்பறை, குடிக்க ஒரே ஒரு குழாய். படுக்கை கிடையாது, வெறும் தரையில் முறைவைத்துப் படுத்தார்கள். உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்ததுதான் உணவு. பலர் ஆறு நாட்கள் வரை அப்படியே கிடந்தார்கள். பிறகு அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நகராட்சிக் கட்டடத்தில் 24 அடிக்கு 30 அடி அளவுள்ள ஒரு கீழ்த்தள அறைக்கு மாற்றப்பட்டார்கள். நாகரிகமான நகரம் பொறுத்துக்கொள்ளும் நிலை இதுவல்ல என்று மேயர் ஜேம்ஸ் கசன்ஸே நகரசபையில் புகார் செய்தார். பாஸ்டனில் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துத் தெருவழியே நடத்திச் சென்றார்கள். பத்திரிகைகளில் வெளியான அந்தப் படங்களைப் பார்த்தவர்கள், இத்தனை பயங்கரமானவர்களா இவர்கள் என்று நம்பியதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கொடிதாகப் படுவது, சத்தமில்லாமல் செய்யப்பட்ட ஒரு சிறிய திருத்தம். நாடு கடத்தல் விசாரணையின் தொடக்கத்திலேயே வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அயல்நாட்டவருக்கு உரிமை தந்த 22-ஆம் விதி, சோதனைக்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் கடைசியில் மாற்றப்பட்டது. அரசின் நலனுக்கு வேண்டிய அளவு விசாரணை நடந்த பிறகே வழக்கறிஞரைப் பற்றிச் சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஒரு தொழிலாளி, பல நாள் பட்டினிக்கும் தூக்கமின்மைக்கும் பிறகு, நீ கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும். உடம்பில் விழும் அடி வெளியே தெரியும்; இந்தத் திருத்தம் யார் கண்ணுக்கும் தெரியாது.

போஸ்டின் வழி

1920 மார்ச்சில் சூழ்நிலை ஒன்று கூடிவந்தது. அமைச்சர் வில்சன் உடல்நலமின்றி விடுப்பில் இருந்தார். அவருடைய இடத்தில் கையெழுத்திட்டுவந்த ஜான் அபர்க்ராம்பி, அலபாமாவில் செனட் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார். பொறுப்பு அமைச்சர் என்ற நாற்காலி 70 வயது லூயிஸ் போஸ்டிடம் வந்தது.

போஸ்ட் கம்யூனிஸ்ட் அல்ல. நிலத்துக்கு மட்டும் வரி என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் பரப்பிய பத்திரிகையாளர். இளவயதில், 1870-களின் தொடக்கத்தில், தென் கரோலினாவில், கறுப்பின மக்களைத் தாக்கிய கு க்ளக்ஸ் கிளான் என்ற ரகசியச் சங்கத்தின் மீதான வழக்குகளை நடத்திய அரசு வழக்கறிஞரிடம் எழுத்தராக வேலை பார்த்து, கிளான்காரர்களின் வாக்குமூலங்களைக் கையால் எழுதியவர். இந்தப் பின்னணியை வரலாற்று ஆசிரியர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுவே திறவுகோலாகத் தெரிகிறது. உண்மையிலேயே கொலை செய்யும் ரகசியச் சங்கம் எப்படி இருக்கும், அதை நிரூபிக்க எப்படிப்பட்ட சாட்சியம் வேண்டும் என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார். அங்கும் பெருந்திரளான கைதுகள் நடந்தன. ஆனாலும் வழக்கு என்று வந்தபோது யார் எந்த இரவில் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்றே கேட்கப்பட்டது.

குடிவரவுப் பணியகத்தின் தலைவர் அந்தோணி காமினெட்டி, ஹூவரோடு இணைந்து வேலை செய்துவந்தவர். அவருடைய பரிந்துரைக்காகக் காத்திருக்காமல் கோப்புகளை நேரே தன் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போஸ்ட் படிக்கத் தொடங்கினார். அவர் கண்ட பொதுவான நிலை இது. சோஷலிஸ்ட் கட்சிக்குள் ரஷ்ய, போலந்து, லிதுவேனிய மொழிக் கிளைகள் என்று பல இருந்தன; 1919 செப்டம்பரில் அவற்றில் பல அப்படியே புதிய கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறியபோது உறுப்பினர் பெயர்களும் ஒட்டுமொத்தமாகப் புதிய ஏட்டுக்கு ஏறின. தாய்மொழியில் நாலு வார்த்தை பேசவும், பாடவும், ஆங்கிலம் கற்கவும் அந்தக் கிளைக்கு வந்துபோன ஒருவருக்குத் தன் பெயர் எந்தக் கட்சியின் ஏட்டில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. இத்தகைய தானியங்கி உறுப்பினர் கணக்கைப் போஸ்ட் ஏற்க மறுத்தார். தெரிந்தே சேர்ந்தாரா என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். வழக்கறிஞர் இல்லாமல் பெற்ற வாக்குமூலத்தையும், சட்டவிரோதச் சோதனையில் எடுத்த காகிதத்தையும் சான்றாகக் கொள்ள முடியாது என்றார். சட்டவிரோதமாகக் கைப்பற்றிய ஆவணங்களை அரசு பயன்படுத்தக் கூடாது என்று அந்த ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. 10,000 டாலர் என்று நீதி அமைச்சகம் கேட்ட பிணைத் தொகை, வாரக் கூலிக்காரரால் எட்டவே முடியாதது. போஸ்ட் அதை 1,000 டாலராகக் குறைத்தார்.

ஏப்ரல் நடுவுக்குள் அவர் முடித்த கோப்புகள் சுமார் 1,600. அவற்றில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை ரத்து.

இதை வைத்து அவரை இளகிய மனம் படைத்தவர் என்று எடைபோடுவது பிழை. எம்மா கோல்ட்மனை நாடு கடத்தும் உத்தரவில் கையெழுத்திட்டவரும் இதே போஸ்ட்தான். அராஜகவாதி என்று சட்டம் சொல்கிறது, அவரும் அதை மறுக்கவில்லை, எனவே சட்டம் எனக்குப் பிடிக்காவிட்டாலும் கையெழுத்திட வேண்டும் என்பது அவர் நிலை. கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் பதவியே நாடு கடத்தப் போதும் என்று அமைச்சர் வில்சன் ஜனவரி 24-ஆம் தேதி முடிவு செய்திருந்ததால், தெரிந்தே சேர்ந்தவர்கள் விஷயத்தில் போஸ்ட் உத்தரவிடத் தயங்கவில்லை. ஆகவே இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு கடுமைக்கும் கனிவுக்கும் இடையிலானது என்று சொல்வதற்கில்லை. எதை அலகாக வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்பதே வேறுபாடு. பால்மருக்கு அமைப்பு அலகு. போஸ்டுக்கு ஒரு மனிதரின் அறிவும் செயலும் அலகு.

மோதல்

பால்மரின் தரப்பு கொதித்தது. போஸ்டுக்குத் தீவிர இடதுசாரிகளோடு என்ன தொடர்பு என்று ஹூவரின் பிரிவு கோப்பு தேடியது. ஏப்ரல் 14-ஆம் தேதி நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை வெடித்தபோது, பக்கவாதத்திலிருந்து இன்னும் மீளாத அதிபர் உட்ரோ வில்சன், இந்த நாடு எங்கும் சிவப்பையே காணும்படி செய்துவிடாதீர்கள் என்று பால்மரிடம் சொன்னதாகக் கடற்படை அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் குறித்து வைத்திருக்கிறார். பிரதிநிதிகள் சபையில் போஸ்ட் மீது பதவி நீக்கத் தீர்மானம் வந்து, மே மாதத் தொடக்கத்தில் அவர் விதிகள் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். அங்கே அவர் கொள்கைப் பேச்சுப் பேசவில்லை, கோப்புகளைப் பேசவிட்டார். ஒவ்வொரு வழக்காக எடுத்து, சான்று இது, இதை வைத்து நீங்கள் இவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து நாடு கடத்துவீர்களா என்ற தொனியில் அவர் பதில் சொல்லச் சொல்ல, குற்றம்சாட்ட வந்தவர்களின் வேகம் தணிந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த எட்வர்ட் பௌ என்ற உறுப்பினர், நீங்கள் உங்கள் கடமையைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்டார். தீர்மானம் அங்கேயே முடங்கியது.

பால்மருக்கு அதே நாட்கள் எதிராகத் திரும்பின. மே முதல் நாளில் நாடெங்கும் கிளர்ச்சி வெடிக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார், நியூயார்க் போலீஸ் படை முழுவதும் ஆயத்த நிலையில் வைக்கப்பட்டது, எதுவுமே நடக்கவில்லை. மே 5-ஆம் தேதி அமைச்சர் வில்சன், இரண்டாவது கட்சியான கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சியில் உறுப்பினராக இருப்பது நாடு கடத்தப் போதுமானதல்ல என்று முடிவு சொன்னார். மே 28-ஆம் தேதி ரோஸ்கோ பவுண்ட், ஃபெலிக்ஸ் ஃப்ராங்ஃபர்ட்டர், செக்காரியா சேஃபி உட்பட 12 சட்ட வல்லுநர்கள், நீதி அமைச்சகத்தின் சட்டவிரோதச் செயல்களைச் சத்தியப் பிரமாண வாக்குமூலங்களோடு தொகுத்து வெளியிட்டார்கள். ஜூன் மாதம் பாஸ்டனில் மத்திய நீதிபதி ஜார்ஜ் ஆண்டர்சன் தன் தீர்ப்பில், நீதி அமைச்சகத்தின் அறிவுறுத்தலின்படி நடக்கும் அரசு அலுவலர்களைக் கொண்டதானாலும், குற்றவாளிகளையும் வீணர்களையும் கொண்டதானாலும், கலகக் கும்பல் என்பது கலகக் கும்பல்தான் என்று எழுதினார்.

பால்மர் தரப்புக்கு ஒரு சட்ட வெற்றியும் பின்னர் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கம்யூனிஸ்ட் கட்சி பலவந்தத்தைப் போதிக்கவில்லை என்ற ஆண்டர்சனின் முடிவை 1922-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்சியின் அறிக்கையைப் படித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் கட்சியின் அறிக்கை என்ன சொல்கிறது என்பதும், அதைப் படித்தே பார்க்காத ஓர் உறுப்பினரை என்ன செய்வது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். போஸ்டின் வழி இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டது.

குண்டு வைத்தவர்கள் எங்கே?

பாதுகாப்பு என்ற உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்போதுதான் பால்மரின் வழி மிகவும் பலவீனமாகத் தெரிகிறது. பல்லாயிரம் பேரைப் பிடித்த அந்தச் சோதனைகளில் நாடு முழுவதிலும் கிடைத்த துப்பாக்கிகள் மூன்று, வெடிமருந்து ஒன்றுமில்லை. பிடிபட்டவர்களில் இறுதியில் நாடு கடத்தப்பட்டவர்கள் சுமார் 550 பேர். 1919-இன் குண்டுகளை வைத்தவர்கள் இத்தாலிய அராஜகவாதி லூய்ஜி கல்லேயானியைப் பின்பற்றிய ஒரு சிறு வட்டத்தினர் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அவர்களுக்கும் ரஷ்யத் தொழிலாளர்களின் மொழிக் கிளைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கட்சி, உறுப்பினர் ஏடு, கட்டணச் சீட்டு என்று எதையும் வைத்துக்கொள்வதையே கொள்கையாக எதிர்த்தவர்களை உறுப்பினர் பட்டியலால் எப்படிப் பிடிக்க முடியும்?

அந்த வட்டத்தை நெருங்கியது, பட்டியலை நம்பாத பழைய முறைத் துப்பறிதல். இளஞ்சிவப்புத் துண்டறிக்கையின் காகிதத்தையும் அச்செழுத்தையும் பின்தொடர்ந்த புலனாய்வாளர்கள் புரூக்ளினில் ஓர் அச்சகத்தை எட்டினார்கள். அங்கே வேலை பார்த்த ஆண்ட்ரியா சால்செடோ என்ற அச்சுக்கோப்பாளர் வாரக்கணக்கில் புலனாய்வுப் பணியகத்தின் நியூயார்க் அலுவலகத்தில், முறையான கைது இல்லாமலேயே வைக்கப்பட்டிருந்தார். 1920 மே 3-ஆம் தேதி அதிகாலையில் 14-ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தாமாகக் குதித்தாரா, தள்ளப்பட்டாரா என்ற சர்ச்சை அன்றே எழுந்தது. அதோடு வழக்கின் நூலும் அறுந்தது. செப்டம்பர் 16-ஆம் தேதி நண்பகலில் வால் தெருவில் ஒரு குதிரை வண்டியில் வைத்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; யார் வைத்தது என்பது நீதிமன்றத்தில் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான நடைக்கூடக் கைதிகளுக்குச் செலவிட்ட ஆட்களையும் மாதங்களையும், சட்டத்தின் வரம்புக்குள் நின்று, அந்த ஒரு காகிதத்தின் மீது செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

வால் தெரு வெடிப்புக்குப் பிறகு மீண்டும் ஒரு ஜனவரி 2 வரவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. வெடித்த அதே நாளில் நியூயார்க் மாநிலத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. சோஷலிஸ்டுகள் என்ற ஒரே காரணத்துக்காக மாநிலச் சட்டமன்றம் வெளியேற்றிய ஐந்து உறுப்பினர்களையும், அவர்கள் தொகுதி மக்கள் அன்று மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். பால்மர் அதற்குள் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் தோற்றிருந்தார். போல்ஷெவிசத்தைப் பற்றி அமெரிக்காவில் அளவுக்கு மீறிப் பேசியாகிவிட்டது என்று சொன்ன குடியரசுக் கட்சி வேட்பாளர் வாரன் ஹார்டிங் நவம்பரில் பெருவெற்றி பெற்றார்.

எது நிலைத்தது

1920-இன் கணக்கில் போஸ்ட் வென்றார். ஆனால் அவருடைய வெற்றி ஒரு நாற்காலி காலியானதால், சரியான மனிதர் சரியான நேரத்தில் அதில் அமர்ந்ததால் கிடைத்தது. அபர்க்ராம்பி தேர்தலில் நிற்க ஆசைப்படாமல் இருந்திருந்தால், அல்லது அந்த இடத்தில் பதவிக்குப் பயந்த ஒருவர் இருந்திருந்தால், அந்த 1,600 கோப்புகளின் கதி வேறாகியிருக்கும். தெரிந்தே சேர்ந்தாரா என்று கேட்க வேண்டும் என்ற அவருடைய நெறியைக் காங்கிரஸ் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அவர் 1928-இல் இறந்தபோது அந்த நெறியைக் காக்க ஓர் அலுவலகமோ ஒரு விதியோ இருக்கவில்லை. நல்ல அதிகாரியை நம்பி நிற்கும் வழிக்கு உள்ள பலவீனம் இதுதான்.

பால்மரின் வழிக்கு அலுவலகம் இருந்தது, அட்டைகள் இருந்தன, அவற்றைப் பேணும் இளைஞர் இருந்தார். 1924-இல் புதிய அட்டர்னி ஜெனரல் ஹார்லன் ஸ்டோன், மனிதர்களின் அரசியல் கருத்துகளை ஆராய்வது புலனாய்வுப் பணியகத்தின் வேலையல்ல என்று தெளிவாக உத்தரவிட்டார். அதே ஸ்டோன்தான் ஹூவரைப் பணியகத்தின் தலைவராகவும் அமர்த்தினார். 1936-இல் கம்யூனிஸ்டுகளையும் பாசிஸ்டுகளையும் பற்றித் தகவல் திரட்டும்படி அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டபோது, அதற்கான முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை ஹூவருக்கு இருக்கவில்லை. 1972-இல் சாகும்வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

இருவருக்கும் இடையிலான கேள்வி பின்னர் நேரடியாகவே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முன்பு கட்சியில் இருந்து பிறகு விலகிவிட்டவரை 1918 சட்டத்தின் கீழ் நாடு கடத்த முடியாது என்று 1939-இல் அது தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, எவ்வளவு காலத்துக்கு முன்பு உறுப்பினராக இருந்திருந்தாலும் போதும் என்று ஆக்கியது. கிரேக்கம், இத்தாலி, ரஷ்யா ஆகிய நாடுகளில் பிறந்து அமெரிக்காவிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மூன்று பேர், அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பே கட்சியை விட்டு வெளியே வந்துவிட்டவர்கள், இதை எதிர்த்து வழக்காடினார்கள். 1952-இல் ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். ஒரு காலத்தில் எதில் சேர்ந்திருந்தார் என்பதை மட்டும் வைத்து, இன்று மாறிவிட்ட ஒரு மனிதரை நாட்டை விட்டுத் துரத்துவது சரியா என்று மறுப்புத் தீர்ப்பில் கேட்டவர்கள் வில்லியம் டக்ளஸ், ஹ்யூகோ பிளாக் ஆகிய இருவர் மட்டுமே.